கணக்குக் கேட்காத ஊருக்குக் கடன்தான் மிச்சம்

இங்கிலாந்தின் தெற்கே, சரே பகுதியில், வோக்கிங் என்றொரு நகரம் இருக்கிறது. லண்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். சனத்தொகை ஓர் இலட்சத்துக்குச் சற்று மேல். அந்த நகரின் கவுன்சில் 2023 ஜூனில் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. அன்றாடப் பணிகளுக்கென்று அந்த ஆண்டு கைக்கு வரும் அடிப்படை நிதி 16 மில்லியன் பவுண். துண்டு விழப்போவது 1.2 பில்லியன் பவுண். வரவைப்போல எழுபத்தைந்து மடங்கு பள்ளம். அன்று அதன் மொத்தக் கடன் 1.8 பில்லியன். கைக்குழந்தை முதல் படுக்கையில் கிடக்கும் முதியவர் வரை, ஆளுக்கு 17,000 பவுணுக்கு மேல்.

வோக்கிங் தனித்த கதையல்ல. 2018இல் நோர்தாம்ப்டன்ஷயர், 2020இல் குரோய்டன், 2021இல் ஸ்லவ், 2022இல் தரக், 2023இல் வோக்கிங்கைத் தொடர்ந்து பேர்மிங்காமும் நொட்டிங்ஹாமும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. குரோய்டன் ஒரு தடவையோடு நிற்கவில்லை. 2020 நவம்பரில், டிசம்பரில், மறுபடி 2022 நவம்பரில் என்று மூன்று முறை அறிவித்தது. லண்டனில் தமிழர் செறிந்து வாழும் இடங்களில் குரோய்டனும் ஒன்று. மேற்குக் குரோய்டன் நிலையத்திலிருந்து தோர்ன்டன் ஹீத் வரை லண்டன் வீதியில் நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் கூடவே வரும். ஆகவே இது யாரோ வெள்ளைக்காரரின் நகரசபைப் பிரச்சினை என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிட முடியாது.

நான் தென் லண்டனில் சிறு கடைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். பலசரக்குக் கடை, சிகை அலங்கார நிலையம், இரண்டு மேசை போட்ட உணவகம் என்று என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் சின்ன ஆட்கள். பெறுமதி சேர் வரியில் நூறு பவுண் பிசகினால் அவர்களுக்குக் கடிதம் வரும், அபராதம் வரும். அந்த அனுபவத்தோடுதான் இந்தக் கவுன்சில்களின் கணக்குகளையும் விசாரணை அறிக்கைகளையும் வாசித்து வருகிறேன். வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு விடயம் உறுதியாகிறது: இந்தக் கவுன்சில்கள் விழுந்தது கடன் வாங்கியதால் மட்டுமல்ல. கணக்கைத் தட்டிக்கேட்க ஆளில்லாமல் கடன் வாங்கியதால்.

முதலில், ஒரு கவுன்சில் வங்குரோத்து ஆவது என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஒரு கடைக்காரர் முறிந்தால் கடன் கொடுத்தவர்கள் சொத்தை விற்றுக் கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மீதிக் கடன் அத்தோடு போகும். கவுன்சில் அப்படி முறிய முடியாது. 1988ஆம் ஆண்டின் உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி, வரவும் செலவும் ஒத்துவராது என்று கண்டால் தலைமை நிதி அதிகாரி ஓர் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த நிமிடமே புதிய செலவுகள் நிறுத்தப்படும். 21 நாட்களுக்குள் சபை கூடி வழி சொல்ல வேண்டும். ஆனால் வாங்கிய கடன் ஒரு சதம்கூடக் குறையாது. கடன் கொடுத்தவருக்கு நட்டமில்லை. நட்டம் முழுவதும் ஊருக்குத்தான்.

சரி, இவ்வளவு கடன் எப்படி வந்தது?

2010க்குப் பின் மத்திய அரசு சிக்கன நடவடிக்கை என்று கவுன்சில்களுக்கான நிதியை வெட்டிக்கொண்டே போனது. தேசியக் கணக்காய்வு அலுவலகத்தின் கணக்கின்படி, 2010-11 முதல் 2017-18 வரை அந்த நிதி மெய்ப் பெறுமதியில் 49.1 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் முதியோர் பராமரிப்பு, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகள், வீடற்றவர்களுக்கான தற்காலிகத் தங்குமிடம் ஆகிய செலவுகள் ஏறிக்கொண்டே போயின. இவையெல்லாம் சட்டப்படி செய்தே ஆகவேண்டியவை, தள்ளிப்போட முடியாதவை.

இன்னொரு பக்கம், 2003ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மத்திய அரசின் அனுமதி கேட்காமலே மூலதனச் செலவுக்குக் கடன் வாங்கும் உரிமையைக் கவுன்சில்களுக்குக் கொடுத்திருந்தது. பொதுப்பணிக் கடன் சபை என்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இயங்கிவந்த அரச ஏற்பாட்டில் வட்டி மலிவு. பள்ளிக்கூடம், பாலம், வீடமைப்பு ஆகியவற்றுக்காக இருந்த வழி அது. அந்த மலிவுக் கடனில் கடைத்தொகுதியோ அலுவலகக் கட்டடமோ வாங்கினால் வாடகை வட்டியைவிடக் கூட வரும், வித்தியாசத்தை எடுத்து நூலகத்தை நடத்தலாம் என்று ஆலோசகர்கள் சொன்னார்கள். கவுன்சில்கள் நம்பின. 2016-17 தொடங்கி மூன்றே ஆண்டுகளில் இங்கிலாந்தின் கவுன்சில்கள் வணிகக் கட்டடங்களில் 6.6 பில்லியன் பவுணைக் கொட்டின. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வாழும் ஸ்பெல்தோர்ன் என்ற சிறிய கவுன்சில், பிபி எண்ணெய் நிறுவனத்தின் அலுவலக வளாகத்தைச் சுமார் 360 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. இதில் ஆபத்து இருக்கிறது என்று திறைசேரி விழித்துக்கொண்டு, வருமானத்துக்காகச் சொத்து வாங்க இந்தக் கடன் கிடையாது என்று தடை போட்டபோது 2020 நவம்பர் ஆகிவிட்டது.

இங்கே கணக்கெழுதுகிறவனுக்கு உறுத்துகிற ஒரு வரி இருக்கிறது. கவுன்சில் கடன் வாங்கினால், வட்டியைக் கட்டினால் மட்டும் போதாது. முதலைத் தீர்ப்பதற்கென்று ஒவ்வோர் ஆண்டும் அன்றாட வரவிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். சட்டம் கேட்கும் ஒதுக்கீடு அது. 40 ஆண்டில் தீரும் 400 மில்லியன் கடன் என்றால், எளிய கணக்கில் ஆண்டுக்குப் பத்து மில்லியன். வோக்கிங்கிலும் தரக்கிலும் இந்த ஒதுக்கீடு ஆண்டாண்டாகப் போதாமலே இருந்தது என்பதைப் பின்னர் வந்த விசாரணைகள் காட்டின. அதை ஒழுங்காகப் போட்டிருந்தால் வாடகையில் மிஞ்சியதாகக் காட்டிய இலாபம் முதலாம் ஆண்டிலேயே காணாமல் போயிருக்கும்; திட்டத்தின் உண்மை முகம் அப்போதே தெரிந்திருக்கும். போடாமல் விட்டபடியால் இலாபம் வருவதுபோல் தெரிந்தது. அந்த இலாபத்தை நம்பி அடுத்த கட்டடம், அதை நம்பி அதற்கடுத்தது.

வோக்கிங்கில் அப்படி எழுந்ததுதான் விக்டோரியா சதுக்கம். 34 மாடிக் கோபுரம், அடுக்குமாடி வீடுகள், ஹில்டன் ஹோட்டல், கடைகள். சுமார் 700 மில்லியன் பவுண் விழுங்கியது. அந்நகரின் ரயில் நிலையத்தில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கோபுரங்கள்தான். கவுன்சில் முறிந்தபின் வந்த வெட்டுகளில் பொதுக் கழிப்பறைகள்கூட மிஞ்சவில்லை. பக்கத்து ஊர்களெல்லாம் அண்ணாந்து பார்க்கும் கோபுரத்தைக் கட்டிய சபைக்கு, ஊருக்குள் ஒரு கழிப்பறையைத் திறந்துவைத்திருக்க வழியில்லாமல் போனது.

தரக்கின் கதை இன்னும் மோசம். ஒன்றேமுக்கால் இலட்சம் பேர் வாழும் அந்தக் கவுன்சில், நாடெங்கும் உள்ள மற்றக் கவுன்சில்களிடம் குறுகிய காலக் கைமாற்றாக வாங்கி வாங்கி ஒரு பில்லியனைத் தாண்டியது. அதில் 655 மில்லியனை ஒரே தொழிலதிபரின் சூரிய மின்னுற்பத்தித் தொழிலில், கடன் பத்திரங்களாகப் போட்டது. ஊரில் சீட்டுப் பிடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதிலுள்ள ஆபத்து உடனே விளங்கும். அடுத்த மாதம் கழிவு கேட்டு வரப்போகிறவரின் காசை எடுத்துப் பத்து வருடத்தில் விலையேறும் என்று காணி வாங்கிப் போடுகிறவரை நாம் எப்படி மதிப்போம்? காணி நல்ல காணியாகவே இருக்கலாம். கேட்கிற நாளில் கையில் காசு இருக்காது. செய்தியாளர்கள் தகவல் அறியும் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டபோது, வணிக இரகசியம் என்று கவுன்சில் கதவைச் சாத்தியது. 2022 டிசம்பரில் 114ஆம் பிரிவு அறிவித்தல் வந்தபோது துண்டு விழுந்த தொகை சுமார் 470 மில்லியன்.

குரோய்டன் ஒரு வீடமைப்பு நிறுவனத்தைத் தானே தொடங்கி, அதற்குச் சுமார் 200 மில்லியனைக் கடனாகக் கொடுத்தது. வீடு கட்டுவது நல்ல நோக்கம். ஆனால் பங்கிலாபம் எதுவும் வந்து சேரவில்லை என்பதைக் கணக்காய்வாளர்கள் 2020 ஒக்டோபரில் பொதுநல அறிக்கை வெளியிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. 2018இல் 29.8 மில்லியனுக்கு ஒரு ஹோட்டலை வாங்கியது. அதை நடத்திய நிறுவனம் 2020இல் கொரோனாக் காலத்தில் முறிந்தது. கடைசியில் 24.9 மில்லியனுக்கு விற்றார்கள். இதே கவுன்சிலுக்குச் சொந்தமான, தென் நோர்வுட் ரெஜினா வீதி அடுக்குமாடி வீடுகளின் உட்புறத்தை 2021 மார்ச்சில் ஐடிவி தொலைக்காட்சி காட்டியது. கூரையிலிருந்து தண்ணீர் ஒழுக, சுவரெல்லாம் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்க, அதற்குள்ளேதான் பிள்ளைகளோடு ஆட்கள் குடியிருந்தார்கள். விருந்தாளிகளுக்கு ஹோட்டல் வாங்கிய சபை, தன் சொந்தக் குடியிருப்பாளரின் கூரையைப் பார்க்கவில்லை. இதைப்பற்றி எழுதும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்குவதில்லை.

2023 வசந்தத்தில் குரோய்டனில் கவுன்சில் வரி 15 சதவீதம் ஏறியது. வழக்கமாக ஐந்து சதவீதத்துக்கு மேல் போவதென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். முறிந்த கவுன்சில் என்பதால் அரசு விலக்குக் கொடுத்தது. என் வாடிக்கையாளர் ஒருவரின் தாயார், எழுபது தாண்டியவர், வரிக் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மகனிடம் காட்டவில்லை, கவலைப்படுவான் என்று என்னிடம் நீட்டினார். “தம்பி, நான் தனிய இருக்கிறன். ஒரு அறையிலதான் ஹீட்டர் போடுறன். நான் என்ன கூடச் செலவழிச்சனான் எண்டு எனக்குக் கூட்டினவங்கள்?” என்று கேட்டார். தனியாக வாழ்பவருக்குரிய 25 சதவீதக் கழிவு கிடைக்கிறதா என்று கடிதத்தில் தேடினேன், இல்லை. விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்தேன். கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் எதையும் கூடச் செலவழிக்கவில்லை. செலவழித்தவர்கள் யாரும் அந்த வீதியில் இல்லை.

வெட்டு விழும் இடத்தையும் பாருங்கள். சட்டப்படி செய்தே ஆகவேண்டிய சேவைகளில் கைவைக்க முடியாது. ஆகவே நூலகம், நீச்சல் குளம், இளைஞர் கழகம், முதியோர் பகல் நிலையம், சமூக அமைப்புகளுக்கான சிறு நிதியுதவி ஆகியவற்றில்தான் கத்தி இறங்கும். குரோய்டனில் 2024இல் நான்கு நூலகங்கள் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று, லண்டன் வீதித் தமிழ்க் கடைகளுக்கு எட்டிய தூரத்தில் இருந்த ப்ரோட் கிரீன் நூலகம். வீட்டில் படிக்க மேசை இல்லாத பிள்ளைக்கும், புதிதாக வந்து இணையத்தில் விண்ணப்பம் நிரப்ப வழி தெரியாதவருக்கும் நூலகம்தான் ஒதுங்க இடம். வசதியுள்ளவர் புத்தகத்தை வாங்கிக்கொள்வார், தனியார் குளத்தில் நீந்துவார். வசதியில்லாதவருக்குப் பொதுச் சொத்துதான் சொத்து.

பேர்மிங்காமை இந்த வரிசையில் சேர்க்கும்போது ஒரு விடயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் மிகப்பெரிய உள்ளூராட்சி சபைகளுள் ஒன்றான அது 2023 செப்டம்பரில் கைவிரித்ததற்கு முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது சம ஊதிய நிலுவை. சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்கு, அதே தரத்தில் குப்பை அள்ளிய, வீதி செப்பனிட்ட ஆண்களுக்குக் கிடைத்த மேலதிகக் கொடுப்பனவுகள் கொடுக்கப்படவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்தப் பெண்கள் வென்றார்கள். கவுன்சில் ஒரு பில்லியனுக்கு மேல் கொடுத்த பிறகும் ஊதிய முறையைச் சீர்செய்யாமல் இழுத்தடித்தது. மறுபடி 760 மில்லியன் வரை நிலுவை ஏறியது. கூடவே 19 மில்லியனில் முடிய வேண்டிய ஒரு கணினிக் கணக்குத் திட்டம் 100 மில்லியனைத் தாண்டியது. அந்தப் பெண்கள் கேட்டது உழைத்த கூலி. அவர்களால்தான் நகரம் முறிந்தது என்று பேசுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வருடக்கணக்கில் ஒத்திவைப்பதும் கடன்தான்.

மத்திய அரசு பாதி நிதியை வெட்டினால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். அந்த வெட்டு அநியாயம். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அதே வெட்டு இங்கிலாந்தின் முந்நூறுக்கு மேற்பட்ட கவுன்சில்கள் எல்லாவற்றின் தலையிலும் விழுந்தது. பெரும்பாலானவை ஹோட்டல் வாங்கவில்லை. ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. குரோய்டன், ஸ்லவ், பேர்மிங்காம், நொட்டிங்ஹாம் தொழிற்கட்சியின் கையில் இருந்தவை. நோர்தாம்ப்டன்ஷயரும் தரக்கும் பழைமைவாதக் கட்சியின் கையில் இருந்தவை. வோக்கிங்கின் கடன் மலையும் அந்தக் கட்சியின் ஆட்சியில்தான் வளர்ந்தது. விழுந்தவற்றுக்குப் பொதுவாக இருந்தது, கேள்வி கேட்கிற குரலை அமுக்கிய நிர்வாகம்.

வெளியிலிருந்து கேள்வி கேட்ட குரல்களும் அடைக்கப்பட்டே வந்தன. கவுன்சில்களின் கணக்காய்வை மேற்பார்த்து, ஒரு கவுன்சிலை இன்னொன்றோடு ஒப்பிட்டு எச்சரித்துவந்த கணக்காய்வு ஆணைக்குழுவை அரசு 2015இல் மூடியது. சிக்கனம் என்று காரணம் சொன்னது. அந்த வேலை தனியார் நிறுவனங்களின் கைக்குப் போய்த் தேங்கியது. 2022-23ஆம் ஆண்டுக் கணக்குகளைக் கணக்காய்வு முடித்து உரிய நாளில் வெளியிட்ட அமைப்புகள் நூற்றுக்கு ஒன்றுதான். என் வாடிக்கையாளரின் பலசரக்குக் கடை தவணை தப்பினால் அபராதம். பில்லியன் கணக்கில் கடன் வைத்திருக்கும் கவுன்சில் தப்பினால் ஒன்றுமில்லை. ஊர்ப் பத்திரிகைகளும் ஒவ்வொன்றாக மெலிந்து, சபைக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க நிருபர் இல்லாமல் போனார்.

இப்போது அரசு கொடுக்கும் மருந்து என்ன? விதிவிலக்கான நிதியாதரவு. 2025-26ஆம் ஆண்டுக்கு 30 கவுன்சில்கள் அதைப் பெற்றன. பெரும்பாலும் அது கையில் தரும் காசல்ல. அன்றாடச் செலவுக்கும் கடன் வாங்கலாம், சொத்தை விற்கலாம் என்ற அனுமதி. கடனால் முறிந்தவருக்கு இன்னொரு கடன். குரோய்டனுக்கு 2025 ஜூலையில், நிர்வாகத்தை மேற்பார்க்க ஆணையாளர்களையும் அனுப்பினார்கள். வோக்கிங்கின் கடனில் 500 மில்லியனைத் தானே கட்டுவதாக 2025இல் அரசு ஒப்புக்கொண்டது. அது நியாயமான முடிவுதான். ஒரு சிறு நகரம் அந்தச் சுமையைத் தன் வாழ்நாளில் இறக்க முடியாது. ஆனால் அந்தக் காசும் நாடு முழுவதும் வரி கட்டும் மக்களுடையதே.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கணக்காய்வை மறுபடி ஒரு சுயாதீனப் பொது அமைப்பின் கையில் கொடுக்க வேண்டும். அரசு 2024 டிசம்பரில் வாக்குறுதியளித்த புதிய அமைப்புக்குப் பல்லும் ஆளணியும் இருக்க வேண்டும். கவுன்சிலுக்குச் சொந்தமான நிறுவனங்களின் கணக்குகள் முழுச் சபையின் முன் வைக்கப்பட வேண்டும். மக்கள் காசைப் போடும் இடத்தில் வணிக இரகசியம் என்ற திரை இருக்கக் கூடாது. அடிப்படை நிதியை அரசு தேவைக்கேற்பத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆலோசகர் அடுத்த கட்டடத்தோடு வந்து நிற்பார்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கோடையில் 30 வேலை நாட்கள், கவுன்சிலின் கணக்குகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஒப்பந்தங்களையும் பார்வையிட இங்கிலாந்தில் சட்டம் இடம் தருகிறது. காசு கட்டத் தேவையில்லை. வாக்காளராகப் பதிந்திருந்தால் கணக்காய்வாளரிடம் கேள்வி கேட்கவும் ஆட்சேபம் தெரிவிக்கவும் உரிமை உண்டு. நான் வசிக்கும் இடத்துக் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, கடன் பட்டியலைக் கேட்டுப் பார்த்தேன். யாரிடம் வாங்கியது, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதியில் திருப்புவது என்று வரிவரியாக இருந்தது. கொடுத்தவர்கள் வரிசையில் வடக்கே எங்கோ இருக்கும் கவுன்சில்களின் பெயர்களும் இருந்தன. பல கடன்கள் ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டியவை. பட்டியலை எடுத்துத் தந்த ஊழியர், பொதுமக்களில் யாரும் இதைக் கேட்டு வருவது அபூர்வம் என்றார்.

அந்த நிலையை நாம் மாற்றலாம். இன்று பிரித்தானியக் கவுன்சில்களில் தமிழ் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த முறை மேடையிலிருந்து இறங்கியதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எங்கள் கவுன்சிலின் கடன் எவ்வளவு? முதலைத் தீர்க்க இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? கடைசியாகக் கணக்காய்வு முடிந்த கணக்கு எந்த ஆண்டுக்குரியது? பதில் தெரிந்தவருக்கு வாக்களியுங்கள். தெரியாதவருக்கு, அறிந்துவந்து சொல்லும்படி ஒரு மாத அவகாசம் கொடுங்கள். கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.